மலையில்லாத ஊரில் ஒரு மலைச் சைக்கிள்

2022 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் முதல் வாரத்தை இலங்கையில் வாழ்ந்த எவரும் இலகுவில் மறந்திருக்கமாட்டார்கள். ஜூன் 28 முதல் ஜூலை 10 வரையில் அத்தியாவசிய சேவைகளுக்கு மாத்திரமே எரிபொருள் என்று அரசு அறிவித்திருந்தது. எரிபொருள் நிலையங்களின் முன்னால் வாகனங்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. எங்கள் உடப்பு கிராமத்தில் மண்ணெண்ணெய் கிடைக்காமல் இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன. கரைவலைக்காரர்கள் மாத்திரம் வழமைபோன்று வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரத்தில்தான் முந்தலில் எனது நெடுநாள் நண்பர் ஒருவர் காலமானார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர். நான் பிரதேச நிருபராகப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கிய காலத்தில் எனது கையெழுத்துப் பிரதிகளில் எழுத்துப்பிழை திருத்தித் தந்தவர்.

உடப்பிலிருந்து முந்தல் அதிக தூரமில்லை. இளவயதில் எனது தந்தையாரின் றலி சைக்கிளில் ஒரு மணிநேரத்துக்குள் மிதித்துப் போய்விடுவேன். ஆனால், அன்று முச்சக்கரவண்டி வைத்திருந்த அயலவரிடம் ஒரு துளி பெற்றோல் இல்லை. பேருந்து வருமா என்று பத்துளுஓயாச் சந்தியில் வெய்யிலில் காத்திருந்து, வராமல் வீடு திரும்பினேன். மறுநாள் நல்லடக்கம் முடிந்துவிட்டது.

அன்று மாலை எனக்கு நினைவுக்கு வந்தது அந்த றலி சைக்கிள்தான். 1970 களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்த காலத்தில் ஒரு டயருக்கும் டியூபுக்கும் அலைந்து திரிந்த நாட்களிலும் அது ஓடியது. பழைய டயரின் துண்டை உள்ளே வைத்து ஓட்டை அடைத்து ஓடினோம். பின்னாளில் நான் கொழும்புக்குப் பணிமாற்றம் பெற்றுச் சென்றபோது அது வீட்டின் பின்புறத்தில் கிடந்து கறள் பிடித்தது. பழைய இரும்பு சேகரிக்க வந்த வியாபாரியிடம் நானே தூக்கிக் கொடுத்தேன். அவர் தராசில் வைத்து நிறுத்துத் தந்த பணத்தில் அன்று ஒரு கிலோ சீனியும் சில தேங்காய்களும் வாங்கியதாக ஞாபகம். ஒரு மனிதரை இறுதியாகப் பார்க்கமுடியாமல் போனதற்கு அந்தச் சீனிதான் விலை என்று பிற்பாடு பல இரவுகள் எண்ணியிருக்கிறேன்.

வயது 75 ஐ நெருங்குகிறது. முள்ளந்தண்டில் இரண்டு தட்டுகள் தேய்ந்துபோயிருக்கின்றன. "சைக்கிள் ஓடலாம், ஆனால் குலுக்கம் ஆகாது" என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். எங்கள் பகுதியில் குலுங்காத பாதையென்றால் புத்தளம் - கொழும்பு பிரதான வீதி ஒன்றுதான். அதில் லொறிகளுக்கும் சொகுசு பஸ்களுக்கும் நடுவில் கிழவன் ஒருவன் சைக்கிள் மிதிப்பது முள்ளந்தண்டைவிடப் பெரிய ஆபத்து. உள்பாதைகளோ கிறவலும், தென்னந்தோட்டத்து வேர்களும், களப்போரத்து மணலுமாக இருக்கும்.

இலண்டனில் இருக்கும் எனது சகோதரியின் மகனிடம் இந்தக் கவலையைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தேன். அவன் வார இறுதிகளில் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓடுபவன். 2023 டிசம்பர் விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெரிய அட்டைப்பெட்டியைச் சுமந்து வந்தான்.

"மாமா, இது முன்னுக்கும் பின்னுக்கும் சஸ்பென்ஷன் உள்ள மலைச் சைக்கிள். இனி உங்களுக்குக் குலுங்காது" என்றான்.

அலுமினியச் சட்டம். முன்னாலும் பின்னாலும் காற்று அடைத்த ஷொக் அப்சோபர்கள். பன்னிரண்டு கியர்கள். எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் டிஸ்க் பிரேக். ஏறி அமர்ந்து தென்னந்தோட்டத்து வேர்களின் மேலே ஓட்டினேன். மெய்யாகவே குலுங்கவில்லை. இருபது வருடங்கள் குறைந்தாற்போல இருந்தது.

அந்த மகிழ்ச்சி ஆறுமாதங்கள்தான் நீடித்தது. கச்சான் காற்று தொடங்கியதும் கடலிலிருந்து உப்பையும் மணலையும் அள்ளிவந்து கொட்டியது. முதலில் பின்புறத்து ஷொக் அப்சோபர் காற்றை இழந்து தட்டையாகப் படுத்துக்கொண்டது. பின்னர் பின்சில்லைத் தாங்கும் கை அசையும்போது முனகத் தொடங்கி, ஒருநாள் அசைய மறுத்தது. பிரேக்கை அழுத்தினால் கைப்பிடிவரை வந்தது.

அந்தச் சைக்கிளை ஒரு வானில் ஏற்றிக்கொண்டு புத்தளம் தில்லையடியில் இருக்கும் ஒரு சைக்கிள் திருத்துநரிடம் சென்றேன். ஊரார் அனைவரும் அவரை நானா என்று அழைப்பதனால் வயதில் மூத்த நானும் அப்படியே அழைக்கிறேன். அவரைப்பற்றி இவ்விடத்தில் சொல்லவேண்டும்.

1990 ஒக்டோபர் இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்ப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75 ஆயிரம் பேரில் பெரும்பான்மையோர் இந்தப் புத்தளம் மாவட்டத்தில்தான் தஞ்சமடைந்தனர். தென்னோலைக் கொட்டில்கள் எழும்பிக்கொண்டிருந்த அந்த நாட்களில் செய்தி சேகரிக்கச் சென்றபோதுதான் நானாவை முதன்முதலில் கண்டேன். எருக்கலம்பிட்டியில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். "என்ன கொண்டு வந்தீர்கள்?" என்று நிருபர்களுக்கே உரிய இங்கிதமற்ற கேள்வியைக் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து சில்லுக் கம்பிகளை இறுக்கும் சிறிய சாவியை எடுத்துக் காட்டினார்.

"திருத்தக் குடுத்த ஆக்களின்ர சைக்கிள் பதினொண்டு கடையில நிக்குது சேர். அதுதான் யோசினையா இருக்கு" என்றார்.

தனது உடைமைகளைப்பற்றி அவர் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. அந்தச் சாவியுடன் ஒரு மரநிழலில் தொடங்கிய தொழில்தான் பின்னர் தில்லையடியில் கடையானது. 2022 நெருக்கடியில், பல வருடங்கள் கவனிப்பாரற்றுக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் அவரது வாசலில் வந்து குவிந்தன. அரச உத்தியோகத்தர்களும் பாடசாலை அதிபர்களும் வரிசையில் நின்றதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார்.

எனது சைக்கிளைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு நானா கேட்ட முதல் கேள்வி:

"சேர், இத மலைச் சைக்கிள் எண்டு சொல்றீங்க. இங்க மலை எங்க இருக்கு?"

பின்னர் கழற்றிக் காட்டினார். பின்புறத்துக் கை பூட்டப்பட்டிருந்த இடத்தில் உருக்கு ஆணியும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கிடையில் உப்புநீர் புகுந்தால் அது சிறியதொரு பட்டரியாகிவிடும். அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்ணிறத் தூளாகப் பொருமி, ஆணியை விழுங்கிக்கொள்ளும். தட்டி எடுக்க முயன்றதில் அலுமினியக் காதில் வெடிப்பு விழுந்தது. அத்தகைய சட்டங்கள் வெப்பமூட்டிப் பதப்படுத்தி உறுதியாக்கப்பட்டவை. வெடித்த இடத்தை ஒட்டினால் அந்தப் பதம் அவ்விடத்தில் போய்விடும். திரும்பவும் பதப்படுத்தும் வசதி எங்கள் மாவட்டத்துச் சிறிய பட்டறைகளில் இல்லை. காற்று ஷொக் அப்சோபரைத் திறப்பதற்கான கருவியும், அதன் இறப்பர் வளையங்களும் இங்கு கிடைக்கவில்லை.

"நல்ல சாமான்தான் சேர். ஆனா இந்த ஊருக்கு வந்த விருந்தாளி. வீட்டுக்காரன் இல்ல" என்றார் நானா.

அந்த வார்த்தைகளை அன்றிரவு மருமகனுக்குச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் மௌனம். பின்னர், "அப்படியென்றால் உருக்கில் பார்ப்போம் மாமா" என்றான்.

அன்று தொடங்கிய தேடல் சில மாதங்கள் நீண்டது. இலண்டனிலிருந்து அவனும் தில்லையடியிலிருந்து நானாவும் வாட்ஸ்அப்பில் விவாதிக்க, நான் நடுவில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் இரண்டு அரசியல் கட்சிகளின் பேச்சுவார்த்தைகளைக் கேட்டு எழுதியிருக்கிறேன். இது அவற்றைவிடக் கடினமாகவும், பயனுள்ளதாகவும் இருந்தது.

முதலில் உருக்கைப் பற்றி ஒரு விளக்கம். உருக்கு அலுமினியத்தைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு அடர்த்தியானது. விறைப்பும் ஏறத்தாழ மூன்று மடங்கு. அதனால் உருக்குக் குழாய்களை ஒல்லியாகவும் மெல்லிய சுவருடனும் செய்யலாம். சைக்கிள் குழாய்களுக்குப் புகழ்பெற்ற பர்மிங்காம் நகரத்து ரெனோல்ட்ஸ் நிறுவனத்தின் 531 என்ற உருக்கு 1935 இல் வந்தது. ஒட்டிய பின்னர் காற்றில் ஆறும்போதே உறுதிகூடும் 853 என்ற உருக்கு 1990 களில் வந்தது. உருக்குக்கு இன்னுமொரு குணமும் உண்டு. ஓர் எல்லைக்குக் குறைந்த சுமை எத்தனை இலட்சம் தடவை வந்தாலும் அது களைப்படையாது. அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது.

ஆனால், இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. உப்புக் கறள் தின்னத் தொடங்கினால் உருக்கின் அந்தக் குணமும் போய்விடும். எனவே உருக்கு என்றதும் கவலை தீர்ந்தது என்று எண்ணக்கூடாது. அது பராமரிப்பைக் கேட்கும். பராமரித்தால் திருப்பித் தரும்.

முழு சஸ்பென்ஷன் சைக்கிள் என்றாலே அலுமினியம் அல்லது கார்பன் என்று உலகம் மாறிவிட்ட பின்பும், சிலர் உருக்கை விடவில்லை. பிரிஸ்டலில் ஸ்டார்லிங் என்ற சிறிய நிறுவனத்தை விமானப் பொறியியல் துறையிலிருந்து வந்த ஒருவர் தொடங்கி, ஒல்லியான உருக்குக் குழாய்களில், பின்சில்லின் கை ஒரேயொரு அச்சில் அசையும்படி செய்கிறார். இங்கிலாந்தின் பீக் மாவட்டத்தில் கொட்டிக் என்ற நிறுவனம் முன்பகுதியை உருக்கில் செய்கிறது. இவை புதிதாக வாங்கும் விலையில் இங்கே ஒரு பழைய மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். அதனால் மருமகன் ஒருவர் ஓடிக் கைவிட்ட பழையதொன்றைத் தேடிப் பிடித்தான். எதுவென்று சொன்னால் விளம்பரமாகிவிடும். உருக்குச் சட்டம், பின்புறத்துக்கு ஒரேயொரு அச்சு. அவ்வளவு போதும்.

அந்த அச்சைப் பற்றித்தான் நானா முதலில் கேட்டார். "பெயாரிங்கின்ர நம்பர் என்ன?" 6902 என்று பதில் வந்தது. உள்விட்டம் 15 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 28, தடிப்பு 7. எந்தப் பெயாரிங் கடையிலும் இலக்கத்தைச் சொல்லிக் கேட்கக்கூடியது. "அப்ப சரி" என்றார். நான்கு மூட்டுகளும் எட்டுப் பெயாரிங்குகளும் கொண்ட சட்டங்கள் மலையில் இன்னும் நளினமாக ஓடும் என்று மருமகன் சொன்னான். உப்பு புகுவதற்கு எட்டு வாசல்கள் என்றார் நானா.

அடுத்தது பின்புறத்து ஷொக் அப்சோபர். காற்று அடைத்தது பாரம் குறைந்தது. ஆனால் அதற்கு விசேட பம்ப் வேண்டும், அதன் இறப்பர் வளையங்களை அடிக்கடி மாற்றவேண்டும். சுருள்வில் கொண்டது பாரம் கூடியது. எண்ணெய் அதனுள்ளும் உண்டென்றாலும், வில்லில் காற்று ஒழுகாது. எனது உடல் நிறைக்கு ஏற்ற வில்லைத் தெரிவு செய்தோம். ஏறி அமர்ந்தவுடன் மொத்த அசைவில் கால்வாசிக்குச் சற்று மேலாகத் தாழவேண்டும் என்பது கணக்கு. முன்புறப் போர்க் மாத்திரம் காற்றுடையதாகவே அமைந்தது. அதில் நானா விட்டுக்கொடுத்தார். இரண்டு தொகுதி இறப்பர் வளையங்களும் பம்பும் கூடவே வரவேண்டும் என்பது அவரது நிபந்தனை.

பிரேக்கில் நீண்ட வாதம் நடந்தது. எண்ணெயில் இயங்கும் பிரேக்குகளில் இரண்டு வகை. மோட்டார் வாகனங்களுக்குப் பயன்படும் டொட் வகை எண்ணெய் எங்கள் ஊரில் தாராளமாகக் கிடைக்கும்; ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஷிமானோ போன்றவை பயன்படுத்தும் கனிம எண்ணெய் ஈரத்தை உறிஞ்சாது; ஆனால் அது சந்திக்கடையில் கிடைக்காது. "ரெண்டும் வேணாம், வயர் போடுங்க" என்று நானா வழக்கை முடித்துவைத்தார். டிஸ்க் அப்படியே இருக்க, அதை இழுப்பது சாதாரண சைக்கிள் வயர். மலையிறக்கம் இல்லாத ஊரில் அந்தப் பலம் தாராளம்.

கியர் விடயத்தில்தான் மருமகன் அதிர்ந்துபோனான். பன்னிரண்டு கியர் வேண்டாம், எட்டு போதும் என்றார் நானா. காரணம் கியர் அல்ல, செயின். ஆறு, ஏழு, எட்டு கியர் சைக்கிள்களுக்குப் பெரும்பாலும் ஒரே செயின்தான் பொருந்தும். அது அவரது கடையில் எப்போதும் தொங்கும். பன்னிரண்டு கியரின் செயின் ஒல்லியானது, விலை கூடியது, கொழும்பில்தான் தேடவேண்டும். எட்டு கியர் என்பது இருபது வருடங்களுக்கு முந்தியது என்று மருமகன் முணுமுணுத்தான். நான் அதற்கும் முந்தியவன் என்று சொன்னேன்.

சில்லுகளுக்கு சாதாரண வளைந்த தலைக் கம்பிகள், ஒவ்வொன்றிலும் 32. டியூப் இல்லாத டயர்களில் ஊற்றும் பால்போன்ற திரவம் எமது வெப்பத்தில் சில மாதங்களில் உலர்ந்துவிடும் என்பதனால் டியூப் போடுவதென்று முடிவாயிற்று. அதுவும் மோட்டார் சைக்கிள் வால்வு உள்ள டியூப். எந்த எரிபொருள் நிலையத்திலும் காற்றடிக்கலாம். அகலமான டயர் வேண்டும். மணலில் காற்றைக் குறைத்தால் டயர் பரந்து மிதக்கும்; கூட்டினால் புதையும். ஆனால் 27.5 அங்குல டயர் எமது பகுதியில் கிடைப்பதில்லை. 26 அங்குலம் என்றால் எங்கும் கிடைக்கும். இந்தச் சட்டத்துக்கு அது பொருந்தாது. ஆகவே இரண்டு மேலதிக டயர்கள் இலண்டனிலிருந்து வந்தன. எல்லாவற்றிலும் வெல்லமுடியாது.

இறுதியாகச் சட்டத்தின் உட்புறம். குழாய்களுக்குள் கதவு, யன்னல்களுக்குப் பூசும் லின்சீட் எண்ணெயை ஊற்றி, எல்லாப் பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஓடவிட்டு, மிகுதியை வடித்து, ஒரு வாரம் காயவைத்தார் நானா. அது உள்ளே மெல்லிய தோலாகப் படியும். பெடல் அச்சின் கீழே தண்ணீர் வடியும் துவாரம் அடைபடாமல் இருக்கிறதா என்றும் பார்த்தார். ஒருநாள் சட்டம் வெடித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஆர்க் வெல்டிங் வச்சா மெல்லிசுக் குழாய் ஓட்டையாயிரும். காஸ்ல பித்தளை வச்சு ஒட்டுவன்" என்றார். அவரால் முடியாவிட்டாலும், அதைச் செய்யத் தெரிந்தவர்கள் சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையில் இருக்கிறார்கள். அலுமினியத்துக்கும் உருக்குக்கும் எமது கரையில் உள்ள உண்மையான வேறுபாடு இதுதான் என்று நான் விளங்கிக்கொண்டேன். பொருளின் தரம் அதைச் செய்த ஊரில் தீர்மானிக்கப்படுகிறது. அதன் ஆயுளோ அது பழுதாகும் ஊரில் தீர்மானிக்கப்படுகிறது.

இந்த மலைச் சைக்கிளின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தபோது எனக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. 1970 களில் கலிபோர்னியாவின் மரின் பிரதேசத்தில், தமல்பாயிஸ் மலையில், சில இளைஞர்கள் எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய பாரமான உருக்குச் சைக்கிள்களை எடுத்து மலையிறக்கத்தில் ஓடியிருக்கிறார்கள். 1976 இல் தொடங்கிய அவர்களது பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். ஒவ்வொரு ஓட்டத்தின் பின்னரும் பிரேக்கின் சூட்டில் கிறீஸ் எரிந்துபோக, குடத்தைக் கழற்றித் திரும்பவும் கிறீஸ் அடைக்கவேண்டியிருந்ததால் வந்த பெயர். அவர்களில் ஒருவரான ஜோ பிறீஸ் 1977 இல் குரோம்-மொலிப்டினம் உருக்கில் புதிதாக ஒரு சட்டத்தைச் செய்தார். முன்புறத்துக்கான ரொக்‌ஷொக்ஸ் சஸ்பென்ஷன் 1989 இல்தான் வந்தது. ஆக, இன்று பெரும் விலைக்கு விற்கப்படும் இந்த வண்டியின் பாட்டன், யாரோ தூக்கியெறிந்த பழைய இரும்பு. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் மேலே படிக்காமல் அமர்ந்திருந்தேன். தராசில் ஏறிய றலி கண்ணில் வந்து நின்றது.

2025 ஜூலையில், நண்பர் மறைந்து மூன்று ஆண்டுகள் நிறைவெய்திய நாளில், அதிகாலையில் புறப்பட்டேன். எங்கள் திரௌபதை அம்மன் ஆலயத்து ஆடித் திருவிழாவுக்கும் தீமிதிப்புக்குமான பேச்சுக்கள் ஊரில் தொடங்கியிருந்தன. கச்சான் முதுகில் தள்ளியது. டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொண்டு மணலைக் கடந்தேன். இறால் பண்ணைகளின் வரம்பில் கொக்குகள் நின்றன. கிறவலில் சில்லுகள் துள்ளின, நான் துள்ளவில்லை. இளவயதில் ஒரு மணிநேரம் எடுத்த வழிக்கு இரண்டு மணிநேரத்துக்கு மேல் சென்றது. இடையில் மூன்று தடவை இறங்கி நின்றேன்.

நண்பரின் துணைவியார் வாசலுக்கு வந்தார். எனக்குச் சொல்ல வார்த்தை வரவில்லை. "அன்றைக்கு வரமுடியாமல் போய்விட்டது" என்று மாத்திரம் சொன்னேன்.

"அதுக்கென்ன அண்ணா, அண்டைக்கு ஒருத்தராலையும் வரேலாதே. வாங்கோ, முதல்ல தண்ணி குடியுங்கோ" என்றார். பின்னர் சைக்கிளை ஏறிட்டுப் பார்த்து, "இது என்ன மோட்டார் சைக்கிளா?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது எதிர்க்காற்று. பாதி வழியில் ஓரமாக வந்த மீன் வியாபாரியின் லொறியில் சைக்கிளோடு நானும் ஏறிக்கொண்டேன் என்பதையும் வாசகர்களிடம் மறைக்கக்கூடாது. வீடு வந்ததும் முதல் வேலையாகக் கிணற்றிலிருந்து ஒரு வாளி நன்னீர் அள்ளி, மேலிருந்து கீழாக மெதுவாக ஊற்றிக் கழுவினேன். பழைய சாரத்துண்டால் துடைத்து, செயினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன்.

றலி சைக்கிளுக்கு நான் ஒருநாளும் அதைச் செய்ததில்லை.